நாலு மாடிக்கு அடியில் ஒரு கிராமம்

ஐரோலி கிராமத்தில் நாலு மாடி வாடகைக் கட்டடம் ஒன்றை அளக்கப் போனார் பொறியாளர் நண்பர். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நானும் போனேன். மாடிகளில் சுவர் கனம் அரையடி. கீழே பின்னறையில் மட்டும் ஒன்றரை அடி. ‘அளவு தப்பு’ என்றார் நண்பர். வீட்டுக்கார ஆஜி சிரித்தார். அதுதான் பழைய வீடாம். அங்கேதான் நெல் சேமித்தார்களாம். மாமனாருக்கு உப்பளத்தில் வேலை.

ஆஜி ஆக்ரி சமூகத்தவர். உப்பளத்தைக் குறிக்கும் ‘ஆகர்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தாணே கழிமுகக் கரையில் உப்பும் நெல்லும் விளைவித்தவர்கள் ஆக்ரிகள். மீன் பிடித்தவர்கள் கோலிகள். 1970ல் சிட்கோ பிறந்தது. நவி மும்பைக்காக 95 கிராமங்களின் நிலத்தை அரசு எடுக்க முனைந்தது. 1984 ஜனவரியில் உரண் வட்டாரத்தில் போராடிய விவசாயிகளில் ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். அதற்குப் பிறகே, நிலம் இழந்தவர்களுக்கு 12.5 சதவீத மனை என்ற திட்டம் வந்தது.

மிஞ்சியது ‘காவ்டாண்’, நம்மூர் நத்தம் மாதிரி. குடும்பங்கள் பெருகின, நத்தம் பெருகவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிய வீடு ‘அனுமதியற்றது’ ஆயிற்று. வயல் போன இடத்தில் வாடகைதான் வருமானம். அந்த வாடகையைத் தருபவர்களில் தமிழர்களும் உண்டு.

நகரம் வருமுன்பே இங்கே வீடு இருந்தது என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. நண்பர் ஒன்றரை அடியைத் திருத்தவில்லை. வரைபடத்தில் பக்கத்திலேயே ‘பழைய வீடு’ என்று எழுதினார். நாளை சுவர் இடிந்தால் அந்தத் தாளாவது பேசும்.