புடைத்த பிறகே அரிசி

செங்கற்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கத்துக்கு அருகே இருக்கிறது அணுபுரம். அணுசக்தித் துறை ஊழியர்களின் குடும்பங்கள் வாழும் ஊர் அது.

இந்தக் கரையோர மணலில் சில இடங்களில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. அதில் தோரியம் உண்டு. தோரியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருகிறது. கல்பாக்கத்தில் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது 1983-ல். மணலோ அதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்கே கிடக்கிறது!

இப்படிப்பட்ட கதிரை ஆகாயத்திலிருந்தே அளக்க முடியும். விமானத்தில் கருவியை வைத்துக்கொண்டு தாழப் பறப்பார்கள். பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மூன்றும் வெவ்வேறு வலுவுள்ள கதிர்களைக் காட்டிக்கொடுக்கும். கருவி அவற்றைத் தனித்தனியே எண்ணும். எந்த இடத்தில் என்ன பாறை என்று படம் வரைய இது உதவுகிறது. 1949-ல் தொடங்கிய அணுக் கனிமத் துறை, நாட்டின் பல பகுதிகளில் இப்படி ஆராய்ந்திருக்கிறது.

எண் பொய் சொல்லுமா?

சொல்லும்! மலை மீது பறக்கும்போது தரை விமானத்தை நெருங்குகிறது. உடனே எண் கூடும். மலையில் தாது இருக்கிறது என்று அதற்கு அர்த்தமல்ல. சுமார் நூறு மீட்டர் மேலே போனால் கதிர் ஏறக்குறைய பாதியாகிவிடும். மழை பெய்து மண் நனைந்திருந்தாலும் எண் குறையும்.

விண்வெளியிலிருந்து வரும் கதிரும், விமானத்தின் கதிரும், காற்றில் உள்ள ராடான் வாயுவின் கதிரும் கணக்கில் கலந்துவிடும். அதனால் கடலுக்கு மேலே பறந்து பார்ப்பார்கள். அடியில் உள்ள தரையின் கதிரைத் தண்ணீர் தடுத்துவிடும். அங்கே காட்டும் எண் தரையினுடையது அல்ல. அதைக் கழிக்க வேண்டும்.

தோரியத்தின் கதிரில் ஒரு பங்கு, யுரேனியத்தின் கணக்கிலும் போய் விழும். அதையும் நீக்க வேண்டும். நெல்லை அப்படியே உலையில் போடுவார்களா? குத்திப் புடைத்த பிறகுதானே அரிசி! எண்ணும் அப்படித்தான்.

புடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. கருவிக்குத் தெரிவது மேல்மண்ணில் ஓரடி ஆழம் வரைதான். ஆகவே, எண் கூடிய இடத்துக்கு ஆட்கள் நடந்து போய் மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும்.

மக்களுக்குச் சொல்லுங்கள்

"கடற்கரையில் கதிர் அதிகம்" என்று யாரோ ஒருவர் சொன்னால், பிள்ளையைப் பெற்றவள் பயப்படுவாள். அவளைக் குறை சொல்லக்கூடாது. மணலின் கதிர் வேறு, உலையில் உண்டாகும் சீசியத்தின் கதிர் வேறு. இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. "எல்லாம் மணல்தான்" என்று அளக்காமல் சொல்வதும் தவறு. "எல்லாம் உலைதான்" என்று அளக்காமல் சொல்வதும் தவறு.

எவ்வளவு வந்தது, எதை எதைக் கழித்தார்கள், மிச்சம் என்ன? இந்த மூன்றையும் எளிய தமிழில் எழுதி, ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வைக்க வேண்டும். வெறும் எண் பீதியைத் தரும். விளக்கத்தோடு வரும் எண்ணே அறிவைத் தரும்.