ஓட்டுப் போட்டா வந்தது புதிய ஏற்பாடு?



ஒரே ஃபார்வர்ட் மூன்று குழுக்களிலிருந்து எனக்கு வந்துவிட்டது. கி.பி. 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டி, ஓட்டெடுப்பு நடத்தி, தனக்குப் பிடித்த நான்கு சுவிசேஷங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்தாராம். அனுப்பியவர்களில் இருவர் என்னிடம் ஏழாம் வகுப்பில் வரலாறு படித்தவர்கள். சும்மா இருக்க முடியவில்லை.

நிசேயாவில் பேசப்பட்டவை ஆரியஸ் என்ற குருவின் போதனை, ஈஸ்டர் தேதி, சபை ஒழுங்கு. அந்தச் சங்கம் 20 விதிகள் இயற்றியது. அதில் ஒன்றுகூட வேதநூல் பட்டியலைப் பற்றியது அல்ல. 2003இல் வந்த 'டாவின்சி கோட்' நாவல் இந்தக் கதையை உலகெங்கும் பரப்பியது. நாவலை நாவலாகப் படியுங்கள்.

சுவிசேஷங்கள் நான்குதான் என்று ஐரேனியஸ் எழுதியது ஏறக்குறைய 180இல். அப்போது கான்ஸ்டன்டைன் பிறக்கவே இல்லை. வேதநூல்களை எரிக்கச் சொன்ன பேரரசர் ஒருவர் உண்டு. அவர் டயோக்ளீஷியன், ஆண்டு 303. எரியச் சொன்னது கிறிஸ்தவர்கள் போற்றிய நூல்களைத்தான்!

இன்று நம் கையில் இருக்கும் அதே 27 நூல்களின் பட்டியல் முதலில் கிடைப்பது 367இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில். கான்ஸ்டன்டைன் இறந்து அப்போது 30 ஆண்டுகள். அந்த அத்தனாசியஸை ஒருமுறை நாடு கடத்தியவரும் அதே கான்ஸ்டன்டைன்தான். இவரா அவருடைய கையாள்?

"அப்படிப் போடுங்க சார்" என்று கைதட்டும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. வேதாகமம் அட்டை போட்டு வானத்திலிருந்து விழவில்லை. யாக்கோபு, யூதா, 2 பேதுரு ஆகியவற்றைச் சிலர் ஏற்கவில்லை என்று யூசிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். நான்காம் நூற்றாண்டுச் சினாய் கையெழுத்துப் பிரதியில் 'ஹெர்மாவின் மேய்ப்பன்' என்ற நூலும் சேர்ந்திருக்கிறது. பழைய சீரிய மொழிபெயர்ப்பில் 22 நூல்களே. வெளிப்படுத்தின விசேஷம் அதில் இல்லை.

அப்போஸ்தலர் காலத்ததா, சபைகள் எங்கும் வாசிக்கிறார்களா, கற்றுக்கொண்ட விசுவாசத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டுக் கேட்டு, தலைமுறை தலைமுறையாக வாதாடித்தான் அந்தப் பட்டியல் திரண்டது. ஹிப்போ (393), கார்த்தேஜ் (397) சங்கங்கள் அதை உறுதி செய்தன. இதைச் சொல்ல விசுவாசிகள் பயப்படவும் வேண்டாம், மற்றவர்கள் கேலி செய்யவும் வேண்டாம்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. ஆனால் ஆண்டை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. அடுத்த முறை அனுப்பும் பொத்தானைத் தொடும் முன் யார், எப்போது, எங்கே என்று மூன்று கேள்வி கேளுங்கள். வகுப்பில் சொன்னதுதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்