குணமாகாதவர்களின் சாட்சி

நம் திருச்சபைகளின் ஞாயிறு ஆராதனையிலும் உபவாசக் கூட்டங்களிலும் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. தீராத வியாதி தீர்ந்தது, கைவிட்டுப்போன உத்தியோகம் மீண்டும் கிடைத்தது, நெடுநாள் தடைப்பட்டு நின்ற மகளின் விவாகம் கர்த்தருடைய கிருபையால் இனிதே நடந்தேறியது என்று ஒருவர்பின் ஒருவராக எழுந்து நன்றி கூறுவர். சபையாரும் ஸ்தோத்திரம் சொல்லி அவர்களோடு மகிழ்வர். நன்மை பெற்றவர் நன்றி சொல்லாதிருப்பது தகாது. ஆகையால் அந்த மகிழ்ச்சியில் யாதொரு குறையும் காண நான் வரவில்லை. ஆயினும், பக்கவாதத்தால் படுத்துவிட்ட கணவனை வீட்டிலே விட்டு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஸ்திரீ ஒருத்தி, இத்தனை வருஷம் கண்ணீரோடு ஜெபித்தும் தன் வீட்டில் ஒன்றும் மாறவில்லையே, தன் விசுவாசத்தில்தான் ஏதோ பழுது இருக்கிறதோ என்று உள்ளம் கூசி, வாய் திறவாமலே எழுந்துபோகிறாள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அவளிடமும் சாட்சி உண்டு என்பதும், கிறிஸ்து மார்க்கம் வாக்களிக்கும் நிலையான சந்தோஷம் இன்னதென்று அறிய விரும்புவோர் அவளைப் போன்றவர்களிடமே முதலில் கேட்கவேண்டும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

ஆரோக்கியமும் ஐசுவரியமுமே விசுவாசத்தின் பலன் என்னும் பிரசங்கம் பெருகிவிட்ட காலம் இது. துன்பப்படுகிறவனுடைய துன்பத்தோடு குற்றவுணர்ச்சி என்ற இரண்டாவது பாரத்தையும் அப்பிரசங்கம் அவன் தலைமேல் ஏற்றிவிடுகிறது. வேதாகமம் முழுவதையும் நிதானமாக வாசிப்பவருக்கு அது எவ்வளவு அந்நியமான போதனை என்பது விளங்கும்.

பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கே அதிகாரங்கள் கொண்ட அச்சிறு நிருபத்தில் சந்தோஷத்தைப் பற்றிய பேச்சு பத்துத் தடவைக்கு மேல் வருகிறது. எழுதியவரோ விலங்கிடப்பட்ட கைதி, தம் வழக்கு விடுதலையில் முடியுமோ மரணத்தில் முடியுமோ என்று அறியாதவர். ரோமர் காலத்துச் சிறைகளில் கைதிக்கு வேண்டிய உணவையும் உடையையும் பெரும்பாலும் அவனுடைய உற்றாரும் நண்பருமே கொண்டுவந்து கொடுக்கவேண்டியிருந்தது. அவ்வாறு பிலிப்பி சபையார் திரட்டியனுப்பிய உதவியைச் சுமந்து வந்த எப்பாப்பிரோதீத்து என்பவன், வியாதிப்பட்டு மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டான். அவன் இறந்துபோயிருந்தால் தம் துயரம் இரட்டித்திருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். வேறோரிடத்தில், அழுதுகொண்டே இதை எழுதுவதாகவும் சொல்கிறார். சந்தோஷத்தின் நிருபம் என்று போற்றப்படும் அந்த ஏட்டில் கண்ணீர் இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது. அழாதிருப்பதே பக்தி என்று எண்ணுகிறவர்கள் அதைப் படித்தும் படியாதவர்களே.

அந்தப் பிலிப்பி பட்டணத்தில்தான் முன்னொரு சமயம் பவுலும் சீலாவும் கோலால் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியிலே பாடினார்கள். மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் குறித்துவைத்திருக்கிறது. பூமி அதிர்ந்ததும் கதவுகள் திறந்ததும் அதன் பிறகுதான். விடுதலைக்கு நன்றியாகப் பாடிய பாட்டன்று அது. முதுகில் இரத்தம் காயுமுன், கதவு திறக்குமென்ற செய்தி ஏதும் வருமுன், இருட்டிலே பாடியது.

புலம்பலுக்கும் வேதத்தில் விசாலமான இடம் உண்டு. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளே. அவற்றுள்ளும் 88-ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் விடிவு காணாமல் இருளிலேயே முடிகிறது. அதற்கு ஒரு நல்ல முடிவைச் சேர்த்துத் தொகுக்கவேண்டுமென்று பண்டை யூதர்கள் நினைக்கவில்லை. சிலுவையில் தொங்கிய இயேசுவும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் அடியையே, கைவிடப்பட்டவருடைய கூக்குரலையே, தம் வாயில் எடுத்தார். தேவனிடத்தில் முறையிடுகிறவன் தேவனை விட்டு விலகினவனல்லன், அவரைப் பற்றிக்கொண்டிருப்பவன் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமோ?

நம் நாட்டிலேயே இதைத் தேகத்தில் அனுபவித்து அறிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தார். அதன்பின் 1951-இல் உயிர் நீங்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வேதனையோடு கிடந்தார். அங்கிருந்தே பல நூல்களை எழுதினார். அவற்றுள் 1933-இல் வெளிவந்த ஒரு நூல் நோயாளிகளுக்கென்றே எழுதப்பட்டது. நோயுற்றோருக்காக வரும் ஆறுதல் எழுத்துக்களிற் பல தேகசுகத்தோடு இருப்பவர்கள் எழுதியவை, படுக்கையில் கிடப்பவனுடைய உள்ளத்தை அவை எட்டுவதில்லை என்பது அவருடைய மனக்குறை. ஆகவே நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக அதை அவர் அமைத்தார். வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும் நம் உபதேசியார்களும் சபை மூப்பர்களும் நெஞ்சில் பதித்துக்கொள்ளவேண்டிய செய்தி அது.

டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் சரித்திரத்தைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன். கொச்சிப் பகுதியில் 1925-இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே இளம் வைத்தியராகப் பணிசெய்துகொண்டிருந்த அவர், 1954-இல் சக வைத்தியர்களோடு உல்லாசப் பயணமாகக் காரில் சென்றபோது, கார் விபத்துக்குள்ளாகி முதுகுத் தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இயக்கமும் அற்றுப்போயின. முகத்திலும் ஆறாத வடு விழுந்தது. தண்டுவடம் சிதைந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் சில வருஷங்களுக்குள் மாண்டுபோவதே அந்நாளில் நம் நாட்டில் பெரும்பாலும் நடந்தது. தம் தொழில் அத்தோடு முடிந்தது என்றே அவரும் எண்ணியிருந்தார். அப்பொழுது, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் நடத்திவந்த டாக்டர் பால் பிராண்ட், அந்தச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவரைத் தூண்டினார். கைகள் பழுதற்றிருந்த அந்த வைத்தியர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, கைகள் பழுதுற்றோருக்கு விரல்களைத் திருத்திக் கொடுக்கத் தொடங்கினார். ஊராரால் ஒதுக்கப்பட்டிருந்த அந்த நோயாளிகள், தங்களினும் மிகுந்த ஊனத்தோடு நாற்காலியில் வந்த வைத்தியரைக் கண்டு தைரியம் கொண்டனர்.

அம்மட்டோடு நில்லாமல், ஆஸ்திரேலியாவுக்குச் சென்று தாமே நோயாளியாக மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, பின்பு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய புகழ்பெற்ற நிலையத்தில் அத்துறையைக் கற்றுத் திரும்பி, 1963-இல் வேலூரில் உடல் மறுவாழ்வு மருத்துவத் துறையின் முதல் தலைவரானார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், சாலை விபத்தில் சிதைந்தவர் என்று எத்தனையோ ஏழைகள், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், புண் வராமல் உடலைப் பேணவும், ஊருக்குத் திரும்பி ஒரு தொழில் செய்து பிழைக்கவும் அங்கே கற்றார்கள். 1972-இல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் காலமாகும்வரை அவர் கால்கள் குணமாகவேயில்லை.

இதைக் கேட்டதும், இத்தனை பேருக்கு நன்மை உண்டாகும்பொருட்டே அந்த விபத்து நேர்ந்தது என்று சிலர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவர். நான் அவ்வாறு சொல்லத் துணியேன். விபத்து தீமையே, தண்டுவடம் சிதைந்த ஒரு பெண்ணின் வேதனையைக் கட்டடக் கணக்கில் ஈடுகட்ட முடியாது. நான் காண்பது வேறு. கால்கள் போனபின்னும் அவரைத் தேடிவந்து இன்ன காரியம் உம்மால் ஆகும் என்று சொல்ல ஒரு நண்பர் இருந்தார். அவரை ஏற்றுக்கொள்ள ஒரு சமுதாயம் இருந்தது. தம்மை ஆண்டவர் கைவிடவில்லை என்ற நம்பிக்கைக்கு அன்றாடம் கைக்கு ஒரு வேலையும் எதிரே ஒரு நோயாளியின் முகமும் பிரத்தியட்ச சாட்சிகளாக நின்றன. கிறிஸ்தவ சந்தோஷம் நிலைப்பது இப்படித்தான் என்று நான் நம்புகிறேன். தனியறையில் ஒருவன் தன் மனத்தைத் தானே முறுக்கிச் சிரிக்கவைக்கும் வித்தை அதில் இல்லை. தேவனும் பிறரும் தன்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று உணர்ந்தவனிடத்தில், அழுகை தீர்ந்தபின்னும், சில வேளை அழுகைக்கு நடுவிலும் அது ஊறுகிறது.

உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் திருமேனியில் ஆணித் தழும்புகள் இருந்தன என்று யோவான் எழுதிய சுவிசேஷம் சொல்கிறது. பரங்கிமலையில் உயிர்நீத்தார் என்று மரபு கூறும் தோமாவே அவற்றைக் காண விரும்பியவர். மரணத்தை வென்ற தேகத்திலும் காயத்தின் அடையாளம் அழிக்கப்படவில்லை. தழும்புள்ளவர் தம் தழும்போடேயே சந்நிதிக்கு வரலாம் என்பதற்கு இதைக்காட்டிலும் வேறு அழைப்பு எனக்குத் தெரியவில்லை. அயல் மார்க்கத்தாரான வாசகர்களும், துன்புறுவோருக்கு அவரவர் சந்நிதிகளில் என்ன இடம் இருக்கிறது என்று இதையொட்டி எண்ணிப் பார்ப்பார்களாக.

ஆகவே நம் போதகர்களையும் மூப்பர்களையும் வேண்டிக்கொள்கிறேன். சாட்சி நேரத்தில் குணமாகாதவர்களையும் பேச அழையுங்கள். அவர்கள் பேச்சில் முறையீடு வந்தால் இடைமறிக்காதீர்கள். திருவிருந்தைப் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நோயாளியைப் பராமரிக்கும் மனைவிக்கோ மகளுக்கோ வாரத்தில் ஒரு பிற்பகலாவது ஓய்வு கிடைக்கும்படி, சபையிலிருந்து முறைவைத்து ஆள் அனுப்புங்கள். எப்பாப்பிரோதீத்து செய்ததும் இத்தகைய காரியமே. இன்னொன்றும் உண்டு. நம் பழைய ஆலயங்கள் பலவற்றின் வாசலில் உயரமான படிக்கட்டுகள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே நுழைய வழியில்லை. அங்கே ஒரு சாய்தளம் கட்டப் பெருஞ்செலவு ஆகாது. இவ்வருஷத்து அசன விருந்துக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து ஒரு பங்கை அதற்கு மாற்றினாலே பல சபைகளில் அவ்வேலை முடிந்துவிடும்.