75-வது ரேங்க்னா சும்மாவா?



சென்னையைச் சேர்ந்த இடதுகை டென்னிஸ் வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். முழங்கால் காயத்தால் பல வருஷம் ஆட முடியாமல் இருந்து, மீண்டு வந்தவர். 2019 ஏப்ரல் 22 அன்று உலகத் தரவரிசையில் 75-வது இடத்தைப் பிடித்தார். அவர் எட்டிய உச்சம் அதுதான். இதைச் சொன்னா, "75-ஆ? நம்ம கிளாஸ்ல கடைசி ரேங்க்கே 42 தாம்ல!" என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கும் முன் கணக்கைப் பாருங்கள். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஆடுவது உலகத்திலேயே 128 பேர். ரேங்க்கை வைத்து நேரடியாக நுழைவது சுமார் 104 பேர்தான். 2018 பிரெஞ்சு ஓப்பனில் பிரஜ்னேஷ் தகுதிச் சுற்றிலேயே தோற்றுவிட்டார். 2019-ல் நேரடியாக நுழைந்தார். 100-க்குள் வந்ததன் பலன் அது.

இன்னொரு விஷயம். அரையாண்டில் நாம வாங்கின மார்க்கை யாரும் திரும்பப் பிடுங்க மாட்டாங்க. டென்னிஸில் பிடுங்குவாங்க! புள்ளிக்கு ஆயுசு 52 வாரம். அடுத்த வருஷம் மறுபடி சம்பாதிக்கணும்.

2018 ஏப்ரலில் சீனாவின் ஆன்னிங் நகரில், களிமண் தரையில் நடந்த சேலஞ்சர் போட்டியில் பிரஜ்னேஷ் கோப்பையை வென்றார். அந்தப் புள்ளிகள்தான் 2019-ல் களிமண் சீசன் தொடங்கும்போது கழியக் காத்திருந்தன. களிமண் என்றால் குளத்து மண் இல்லை, செங்கல்லைப் பொடித்துப் பரப்பிய தரை. பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்பும். பொறுமையாக ஓடி ஓடித்தான் ஒவ்வொரு பாயிண்ட்டும் எடுக்கணும். புற்றுமண் ஊர்க்காரங்களுக்கு மண்ணோட மகிமையைச் சொல்லவா வேணும்? அதே ஆன்னிங்குக்கு மறுபடி போய் ஃபைனல் வரை வந்தார், ஜே கிளார்க்கிடம் தோற்றார். ஃபைனல் வந்தும் புள்ளி குறைஞ்சதுதான் மிச்சம்!

ரேங்க் என்பது சொந்த வீடு இல்லை நண்பர்களே, வாடகை வீடு. அதைத் தக்க வைப்பதும் சாதனைதான். பிரஜ்னேஷ் 2024 நவம்பரில் ஓய்வு பெற்றார். அவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

நம்ம பள்ளியிலும் முதல் ரேங்க்குக்கு மட்டுமே கைதட்டல். 30-லிருந்து 18-க்கு வந்தவனும், 18-ஐ விடாமல் காப்பாற்றியவனும் யார் கண்ணிலும் படுவதில்லை. ரேங்க் பட்டியல் ஒட்டும்போது பக்கத்தில் போன பரீட்சை ரேங்க்கையும் எழுதினால் என்ன? ஆசிரியர்கள் யோசிக்க வேண்டுகிறேன்.



– பதினோராம் வகுப்பு மாணவன்