தனிமையும் எழுதுகோலும்

ஆயிரம் பேர் கூடியிருந்து கற்கும் கலாசாலையிலே தனிமைக்கு இடம் ஏது என்று வினவுவாரும் உளர். அவர் விடுதியில் வாழ்ந்தறியாதவர் என்றே யாம் கருதுகின்றோம். ஆனித் திங்களிலே பெட்டியும் வாளியுமாகத் தந்தையாருடன் வந்திறங்கும் புதுமாணவனை நோக்குமின். தந்தையார் பேருந்தேறிச் சென்ற அன்றிரவு, மூவர் முன்னரே பழகிவிட்ட அறையில் அவன் நான்காமவனாய்ப் படுக்கையை விரிக்கின்றான். உணவுக்கூடத்திலே இருநூறு பேருக்கு நடுவில் அமர்ந்தும் தனியே உண்கின்றான். மகளிர் விடுதியின் நிலையும் இதுவே. வீட்டிலிருந்து அன்னையார் தொலைபேசியில், "சாப்பிட்டாயா?" என்று கேட்க, "சாப்பிட்டேன்" என்னும் ஒரு சொல்லே விடையாகின்றது. அவ்வொரு சொல்லுக்குப் பின்னே நின்றுவிட்ட சொற்கள் எத்துணை! அவை போக்கிடமின்றி உள்ளே தங்கிப் புளித்து, நாளடைவில் உறக்கமின்மையாகவும், வகுப்பிற் கருத்தின்மையாகவும், காரணம் கூறவியலாத சோர்வாகவும் வெளிப்படுகின்றன. முதற்பருவம் முடியுமுன்னரே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவாரும் சிலர் உண்டு. பாடங் கடினமாயிருந்தமையாற் சென்றாரென்று நாம் நமக்குள்ளே சொல்லிக்கொள்கின்றோம்.

இதற்கு மருந்தாகப் பெரியோர் பலவற்றைக் கூறுவர். விளையாட்டு நன்று, நல்லார் நட்பு அதனினும் நன்று, இறைவழிபாட்டில் ஆறுதல் பெறுவாரும் பலர். இவற்றுள் ஒன்றையும் யாம் மறுக்கவில்லை. ஆயினும், செலவின்றிப் பிறர் வருகையை எதிர்பாராமல் நள்ளிரவிலும் கைக்கெட்டுவதாகிய ஒன்று உண்டு. அதனை ஒருவரும் போதிய அளவு எடுத்துரைக்கக் காணோம். அஃதாவது, எழுதுதல். தேர்விற்காக எழுதுவதன்று; தானே ஒன்றைப் படைத்து எழுதுதல்.

எழுதுக என்றவுடனே, தன் துயரத்தையெல்லாம் தாளிலே கொட்டுக என்று யாம் கூறுவதாகச் சிலர் எண்ணுவர். எம் கருத்து அதுவன்று. ஏறக்குறைய அதற்கு மறுதலையானதென்றே சொல்லலாம். இதனை விளக்குதற்கு ஆங்கிலப் புலவர் ஒருவரின் வரலாற்றைச் சிறிது விரித்துரைக்க வேண்டியுள்ளது.

வில்லியம் கூப்பர் என்பார் 1731-ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஆறாம் வயதில் அன்னையை இழந்தார். வளர்ந்து சட்டம் பயின்றார். 1763-இல் பிரபுக்கள் சபையைச் சார்ந்த ஓர் அலுவலின் பொருட்டுப் பலர் முன்னிலையில் தேர்விற்கு நிற்கவேண்டிவந்தபோது, அவ்வச்சத்தாலேயே மனம் முறிந்து தம் உயிரைப் போக்கிக்கொள்ளவும் முயன்றார். (தேர்வச்சம் நம் காலத்து மாணவர்க்கே உரியதென்று எண்ணுவார் இதனைக் கருதுக.) பிழைத்து, செயின்ட் ஆல்பன்ஸ் நகரிலே மனநோய் மருத்துவர் ஒருவரின் இல்லத்திற் பல திங்கள் தங்கித் தேறினார். பின்னர் அன்வின் அம்மையார் என்பாரது ஆதரவில் ஒல்னி என்னுஞ் சிற்றூரில் வாழ்ந்துவருகையில், 1773-இல் நோய் மீண்டும் தாக்கியது. அடுத்த ஆண்டிலே முயல்களை வளர்க்கத் தொடங்கினார். பஸ், டைனி, பெஸ் என்னும் அம்மூன்றனுள் இரண்டு பெண்பெயர் பூண்டிருந்தும், மூன்று முயல்களும் ஆண்களே என்பது ஒரு வேடிக்கை. அவற்றிற்கு உறைவிடம் அமைத்தற்பொருட்டுத் தச்சுத்தொழில் பழகினார். தோட்ட வேலையும் செய்தார். கை ஒரு பொருளைப் பற்றிக்கொண்டவழி மனம் சிறிது நேரமேனும் தன்னை விட்டு நீங்குகின்றதன்றோ?

இங்ஙனம் நாட்கள் கழிய, ஆஸ்டன் சீமாட்டி என்னும் அம்மையார் அவ்வூரில் நட்பினராய் வந்து சேர்ந்தார். கூப்பர் சோர்ந்திருக்கக் கண்ட ஒருநாள், குதிரை தறிகெட்டோடியதால் அல்லலுற்ற துணி வணிகன் ஒருவனது கதையை அவர் சொல்ல, கூப்பர் அதனைப் பாட்டாக்கினார். 1782-இல் வெளிவந்த அந்த ஜான் கில்பின் பாட்டு நாட்டையே சிரிக்கவைத்தது. அடுத்த ஆண்டிலே, நீண்ட பாட்டு ஒன்று இயற்றுமாறு அச்சீமாட்டி வேண்டினார். எப்பொருளைப் பாடுவது என்று புலவர் வினவ, அவ்வறையிற் கிடந்த சோபாவைக் காட்டி, இதனையே பாடுக என்றார் அவர். விளையாட்டாகச் சொன்ன அச்சொல்லைப் புலவர் தலைமேற்கொண்டார். முக்காலியிற் பிறந்து நாற்காலியாய் வளர்ந்து சோபாவாய் முதிர்ந்த இருக்கையின் வரலாற்றிலே தொடங்கிய பாட்டு, மெல்ல எழுந்து வாயிலைக் கடந்து, வயலும் ஓடையும் குளிர்காலத்து மாலையும் எல்லாம் உலாவி, ஆறு காண்டங்களாய் ஏறக்குறைய ஐயாயிரம் அடிகளாய் விரிந்தது. 'டாஸ்க்' என்னும் பெயரால் 1785-இல் அஃது அச்சேறிற்று. இட்ட பணி என்பது அப்பெயரின் பொருள்.

இந்நிகழ்ச்சியை யாம் பலகாலும் எண்ணிப் பார்த்ததுண்டு. மனம் நொந்தார் ஒருவரிடம் அச்சீமாட்டி அவர்தம் நோவைப் பாடுமாறு கேட்கவில்லை. எதிரிலிருந்த மரச்சாமானைக் காட்டினார். சோர்வுற்ற உள்ளத்தின் இயல்பு யாதெனின், தன்னையே சுற்றிச் சுற்றி வருதல். செக்குமாடுபோல் அது நடந்த தடத்திலேயே நடக்கும். எத்துணை நடந்தும் ஓரூரும் சென்று சேராது. அதன்முன் ஒரு பொருளை வைத்து, இதனைப் பார், பார்த்தவாறு சொல் என்று பணித்தால், தடம் அங்கே உடைகின்றது. சோபாவைப் பாடத் தொடங்கியவர் தம் துயரத்தையும் உரிய இடத்திலே சொல்லத்தான் சொன்னார். ஆயின் அது பாட்டின் ஓரிடமாய் அடங்கி நின்றதேயன்றி, எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளவில்லை.

எழுத்தினால் அவர் நோய் தீர்ந்ததா எனின், இல்லை. 1796-இல் அன்வின் அம்மையார் இறந்தபின் அவர் மனம் முற்றும் இருண்டது. கப்பலினின்று கடலில் வீழ்ந்து கைவிடப்பட்ட மாலுமியைப் பற்றி 1799-இல் ஒரு பாட்டெழுதினார். மறு ஆண்டில் இறந்தார். இதனைக் காட்டி, புலவரெல்லாம் துயரர், எழுத்தே துயர்க்கு வித்து என்று வாதிப்பார் உண்டு. அவ்வாதம் பொருந்தாது. நோயாளர் பலர் மருத்துவமனையிற் காணப்படுதலால் மருத்துவமனையே நோய்க்குக் காரணமென்று யாரேனும் கூறுவரோ? ஏறக்குறையப் பத்தாண்டுகள், இடையே ஒருமுறை வீழ்ந்தும் மீண்டெழுந்து, அவர் நண்பர்க்குக் கடிதமெழுதியும் பாட்டியற்றியும் வாழ்ந்தனர். அப்பத்தாண்டுகள் எழுத்து அவர்க்கு ஈட்டித்தந்தவை என்பதே எம் துணிபு.

நிற்க. நம் முன்னோர் இம்முறையை நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தனர். பறம்பு மலையையும் தந்தையையும் ஒருங்கே இழந்த பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றிலே 112-ஆம் பாட்டு ஒன்று உளது. ஐந்தே அடி. தாம் அழுததாகவோ நெஞ்சு வெந்ததாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. முன்னொரு நிலவிலே தமக்கு இருந்தவற்றையும், இந்நிலவிலே இல்லாதனவற்றையும் சொல்லி நிறுத்திவிட்டனர். கற்பார் நெஞ்சைக் கலக்குவது அந்நிறுத்தமே. அகப்பாட்டுக்களோ இன்னும் ஒருபடி மேற்சென்றன. அவற்றிலே காதல் கொண்டாரை இயற்பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது மரபு. தலைவன், தலைவி, தோழி என்னும் பெயர்களே உள. பிரிந்த தலைவி கடலோடும் அலவனோடும் பறவையோடும் பேசுகின்றாள். ஒருவரும் கிட்டாதபோது தன் நெஞ்சோடே பேசுகின்றாள். நாணமுடைய மாணவர்க்கு இம்மரபு பேருதவி செய்வதாகும். 'நான் அழுதேன்' என்று எழுதக் கூசுகின்றவன், 'ஒருவன் கிணற்றடியில் நின்றான்' என்று தொடங்கிக் கதையாக எழுதலாம். தன் துயரைப் பிறன் தலையில் ஏற்றி எட்டநின்று பார்க்குங்கால், அதன் எடை குறையாவிடினும் வடிவு தெரியும்.

இவையெல்லாம் புலவர் கூற்று, மெய்ப்பித்தார் உளரோ என்று விஞ்ஞானப் பிரிவினர் கேட்கக்கூடும். அமெரிக்க உளநூலார் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீல் என்பாரும் 1986-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கலாசாலை மாணவர் 46 பேரைப் பல குழுவாகப் பிரித்து, நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாட்கள் எழுதச் செய்தனர். சிலர் சிறு செய்திகளை எழுத, ஏனையோர் தம் வாழ்வின் பெருந்துன்பத்தை எழுதினர். துன்பத்தை எழுதியோர் எழுதி முடித்தவுடனே முன்னிலும் வாடியே இருந்தனர். ஆயின் நடந்ததையும், அதுபற்றித் தாம் உணர்ந்ததையும் சேர்த்தெழுதியவர் அடுத்த ஆறு திங்களில் மருத்துவ நிலையத்திற்குச் சென்ற தடவைகள் குறைந்திருந்தன. பின்னர்ச் செய்த ஆய்விலே, நாட்கள் செல்லச்செல்லக் காரணங்காட்டும் சொற்களும் விளங்கிக்கொண்டமை காட்டும் சொற்களும் எவர் எழுத்திற் பெருகினவோ, அவரே மிக்க பயன் பெற்றனர் என்று கண்டனர். இத்தகைய ஆராய்ச்சிகள் 146-ஐ ஒன்றுசேர்த்து 2006-இல் நோக்கியபோது, பயன் உண்மையே, ஆயின் சிறிதே என்பது புலனாயிற்று. சிறிதென்பதை யாம் மறைக்க விரும்பவில்லை. பதினைந்து நிமிடமும் ஒரு தாளும் தவிர வேறு செலவில்லாத ஒன்றிற்குச் சிறு பயனும் பெரும்பயனே.

எழுதுவாருக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் 1942 முதல் ஈராண்டு ஒளிந்து வாழ்ந்த சிறுமி ஆன் பிராங்க், தன் நாட்குறிப்பைக் கிட்டி என்னும் கற்பனைத் தோழிக்கு எழுதும் கடிதமாகவே அமைத்தாள். 1944-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், போர்க்கால நாட்குறிப்புக்களை மக்கள் பேணிவைத்தல் வேண்டுமென்று வானொலியிற் கூறக்கேட்டு, அதுவரை எழுதியதைப் பிறர் படிக்கத் தகுந்த நூலாக்கும்பொருட்டு மீண்டும் முதலிலிருந்து திருத்தி எழுதலானாள். அவ்வாண்டு ஆகஸ்டில் பிடிபடும்வரை அப்பணியை விட்டாளில்லை. கேட்பவர் கற்பனையாயிருப்பினும், ஒருவர்க்குச் சொல்லுகின்றோம் என்னும் எண்ணம் வந்தவுடனே சொல் ஒழுங்குபடுகின்றது. கைபேசியிலே நொடிக்கொரு வரி எழுதி, விருப்பக்குறி எத்தனை விழுந்தன என்று நொடிக்கொருமுறை எண்ணிப் பார்ப்பதை யாம் இவ்வகையிற் சேர்க்கவில்லை. அஃது ஒருவர்க்குச் சொல்லுவதன்று. ஒரு தெருவிற்குக் கைகாட்டுவது. கேட்ட கணத்தே கவிதையும் கட்டுரையும் இயற்றித்தரும் பொறிகள் இக்காலத்து வந்துவிட்டன. அவற்றின் திறமை பெரிதாகலாம். ஆயின் நமக்காகப் பிறிதொன்று நடந்துவரின், நம் கால்மரப்பு நீங்குமோ?

சொந்தச் சொல் ஒன்றும் எழாத நாட்களும் உண்டு. அந்நாட்களில் மொழிபெயர்க்கலாம். கூப்பர் ஹோமரின் காவியங்களை ஆங்கிலத்தில் ஆக்கி 1791-இல் வெளியிட்டார். நாடோறும் சில அடிகள் என்னும் நியமமே அவர்க்கு ஊன்றுகோலாயிருந்தது. நம் நாட்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1908 முதல் 1912 வரை கோயமுத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் கழித்த கொடுங்காலத்திலே, செக்கிழுத்த கையாலேயே ஜேம்ஸ் ஆலன் என்பாரது ஆங்கில நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். 'மெய்யறம்' என்னும் நீதிநூலையும் இயற்றினார். மொழிபெயர்ப்பிலே அடுத்த வாக்கியம் எங்கிருந்து வரும் என்னும் கவலை இல்லை. அயலார் ஒருவர் சிந்தித்த வழியே கைபிடித்துச் செல்லலாம். அதுவும் ஒருவகைத் துணையே.

எம்மொழியில் எழுதுவது என்பதில் எமக்கு ஐயமில்லை. அன்னையோடு எம்மொழியிற் பூசலிடுவோமோ அம்மொழியிலே எழுதுக. வழுவில்லாமல் எழுதவேண்டுமென்னும் அச்சம் புகுந்தவிடத்து உண்மை வெளியேறிவிடும். இலக்கணத்தைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். தமிழாசிரியர்கள் எங்கும் ஓடிவிட மாட்டார்கள்.

இன்னொன்றும் கூறாதொழியின் யாம் கடமை தவறியவராவோம். சோர்வு வேறு, நோய் வேறு. உணவும் உறக்கமும் இரண்டு கிழமைகளுக்கு மேலாகக் கெட்டு, வாழ்வே வீண் என்னும் எண்ணம் தலைகாட்டுமாயின், எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவரிடமோ நம்பிய ஓராசிரியரிடமோ செல்லுதல் வேண்டும். இந்திய அரசினர் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்னும் உளநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கூப்பருக்கும் முதலில் வேண்டியிருந்தது மருத்துவர் இல்லமே. சோபா பின்னர்த்தான் வந்தது.

இனி, நம் கலாசாலை செய்யத்தக்கது யாது? கட்டுரைப் போட்டிகள் நமக்குக் குறைவில்லை. அவற்றிற் பரிசு பெறுவார் முன்னரே பேச்சிலும் எழுத்திலும் வல்லவராய், நண்பர் பலரை உடையவராய் இருக்கக் காண்கின்றோம். யாம் கருதுபவர் அவரல்லர். கடைசி வரிசையிலே அமர்ந்து, ஆண்டு முழுவதும் வாய் திறவாமற் சென்றுவிடுகின்றாரே, அவரே. அவர்பொருட்டுப் போட்டியும் பரிசும் மதிப்பெண்ணும் இல்லாத ஒரு கூட்டம் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை, பத்துப் பேர்க்கு மிகாமல். குடை, உணவுக்கூடத்து மணி, ஊரிலிருந்து வந்த ஊறுகாய்ப் புட்டி என ஏதேனும் ஒரு சிறுபொருளைக் கொடுத்து, அரைமணி நேரம் எழுதச் செய்து, விரும்புவார் மட்டும் படிக்க, ஏனையோர் கேட்டிருப்பது. ஆசிரியர் ஒருவர் உடனிருந்து தாமும் எழுதுவாராயின் நன்று; திருத்துவாராயின் வேண்டா.

நூலகத்தின் கீழ்த்தளத்திலே செய்தித்தாள் படிக்கும் அறை மாலை ஆறு மணிக்கு மேல் வறிதே பூட்டிக்கிடக்கின்றது. வெள்ளிக்கிழமைதோறும் ஒருமணி நேரம் அதன் திறவுகோலை ஒப்புவிக்க நூலகத்தார் இசைவாராயின், வரும் பருவத்தின் முதற்கிழமையிலேயே இதனைத் தொடங்கலாம். விளக்கை அணைத்துப் பூட்டித் திறவுகோலை மீட்டுத் தரும் பொறுப்பை யாமே ஏற்றுக்கொள்கின்றோம்.