தந்ததும் தன்னைத் தந்ததும்

பாதிரிமாரின் தொண்டெல்லாம் மதம் மாற்றும் தூண்டிலே என்று நம்மவரில் சிலர் ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். தூண்டில் போட்டோரும் உண்டு, மறுப்பாரில்லை. ஆயினும் ஒருவரை இங்கு முன்னிறுத்தி வினவுகின்றேன்.

ஹவாய்த் தீவுகளின் அரசு 1865-இல் சட்டமியற்றி, 1866 முதல் தொழுநோயாளரை மொலோக்காய்த் தீவின் ஒரு மூலைக்கு நாடு கடத்திற்று. 1873-இல் பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் தமியான் தாமே விரும்பி அங்குச் சென்றார். நோயாளரின் புண்களைக் கழுவிக் கட்டினார், வீடு எழுப்பினார், சவப்பெட்டி செய்தார், குழியும் தோண்டினார். அந்நோயே தம்மையும் பற்ற, 1889-இல் தமது 49-ஆம் வயதில் அங்கேயே மாண்டார்.

அவ்வாண்டே, ஹானலூலுவில் வாழ்ந்த ஹைடு என்னும் புரொட்டஸ்டண்டு பாதிரியார் அவரை அழுக்கர், பிடிவாதக்காரர் எனப் பழித்து எழுதினார். 1890-இல் எழுத்தாளர் ஸ்டீவன்ஸன் பகிரங்கக் கடிதமொன்றால் விடையிறுத்தார். தமியானின் குறைகளை அவர் மறைக்கவில்லை. ஹைடு தம் வீட்டில் வசதியாய் அமர்ந்திருந்தபோது, போகவேண்டிய இடத்திற்குப் போனவர் தமியான் என்பதையே எடுத்துக் காட்டினார்.

நமது கேள்வியும் அஃதே. மோட்சமே குறியாயின், இத்துணைக் கொடிய வழி எதற்கு? கோயிலுக்கோ தேவாலயத்திற்கோ நன்கொடை கொடுத்துக் கல்லில் பெயர் வெட்டிக்கொள்வோர் மிஞ்சியதைத் தருகின்றனர். தமியானோ தம்மையே தந்தார். அவருடைய மதத்தை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் மேடையில் தீண்டாமையைக் கண்டித்துவிட்டு, நோயுற்ற அண்டை வீட்டான் வாசலை மிதிக்க அஞ்சுவோர்க்கு அவரைப் பழிக்க உரிமை ஏது? முதலில் அவ்வாசலை மிதிப்போம், பிறகு பேசுவோம்.