அறளை பெயர்ந்தவர் என்று ஒதுக்கிவிடலாமா?

மண்முனைத் துறையில் பாதைப் படகு ஓடிய காலம் முடிந்துவிட்டது. 2014 ஆம் ஆண்டு ஏப்ரலில் பாலம் திறக்கப்பட்டதோடு எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போவது சில நிமிட விடயமாகிவிட்டது. ஆனால் எழுவான்கரையில் நாம் அடிக்கடி சென்றுவரும் ஒரு வீட்டில், எண்பது வயதைக் கடந்த ஐயா ஒருவர் இன்றும் அந்தப் பாதைக்காகக் காத்திருக்கிறார். பொழுது சாயத் தொடங்கியதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படலையைத் திறந்து வெளிக்கிட்டுவிடுவார். "பாதை போயிரும், வட்டைக்குத் தண்ணி கட்டணும்" என்பதே அவருடைய பேச்சு. அவருடைய வட்டை படுவான்கரையில் இருந்தது. 1990 இல் ஒருமுறையும் 2007 இல் மறுமுறையும் அதை விட்டு ஓடிவந்த குடும்பம் அது. இரண்டாம் முறை வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை.

மகள் மறிப்பார். "அப்பா, பாதையும் இல்ல, வட்டையும் இல்ல" என்பார். ஐயா கம்பை ஓங்குவார். அயலவர் சிலர் "அறளை பேந்திட்டு" என்றனர். வேறு சிலர் பேய்க் குணம் என்றதால் கட்டாடியாரிடம் நூலும் கட்டியாயிற்று. ஒருநாள் நாம் போனபோது அவரது காலைத் திண்ணைத் தூணோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். மகளைக் குற்றஞ்சாட்ட எமக்கு மனம் வரவில்லை. அதற்கு முதல்நாள் இரவு அவரை வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதுதான் கண்டுபிடித்திருந்தார்கள்.

இது பைத்தியமுமல்ல, பேயுமல்ல. முதுமை வந்தால் எல்லோருக்கும் வந்தே தீரும் ஒன்றுமல்ல. மூளையைச் சிறுகச் சிறுக அழிக்கும் நோய். வைத்தியர்கள் இதை டிமென்சியா அல்லது மறதிநோய் என்கிறார்கள். இதில் அதிகம் காணப்படும் வகையை 1906 இல் ஜெர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் முதலில் எடுத்துரைத்தார். 2021 இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்றும், அவர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் வசதி குறைந்த நாடுகளில் இருந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எமது நாட்டில் றாகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் இதைக் கண்டது. எமது கிராமங்களில் அவர்கள் எங்கே? பெரும்பாலும் பின்னறையில்.

பாலத்தை மறந்தவர் பாதையை எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்று மகள் எம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. அல்சைமர் வகை நோய் புதிய நினைவைச் சேர்த்துவைக்கும் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. ஆகவே காலையில் சாப்பிட்டது நிற்காது; இளமையில் பதிந்தது நெடுநாள் நிற்கும். கை பழகிய தொழிலும் காது பழகிய பாட்டும் அதைவிட நீண்ட காலம் நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் தடுமாற்றமும் பதற்றமும் கூடுவதும் இந்நோயில் சாதாரணம். ஐயா பொய் சொல்லவில்லை. அவருடைய மனதில் பாதை இன்னும் ஓடுகிறது.

இத்தகைய மாற்றங்களைக் கண்டால் முதலில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, கடும் மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டதால் உள்ளே கசிந்த இரத்தம் ஆகியவையும் மறதிநோய் போலவே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டொரு நாளில் குழம்பினால் சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுச் சளியோ காரணமாகலாம். அதற்குக் காத்திருக்கக் கூடாது. மறதிநோய்தான் என்றால் முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. டொனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் உதவுகின்றன. தூக்க மாத்திரையை நீங்களாகவே கூட்டிக் கொடுக்காதீர்கள். முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார்.

மருந்து செய்யாததை மனிதர் ஓரளவு செய்யலாம் என்பதே எமது கருத்து. 1963 இல் அமெரிக்க மனநல வைத்தியர் ரொபேர்ட் பட்லர், முதியோர் பழையதைத் திரும்பத் திரும்பப் பேசுவது பிதற்றல் அல்ல, தம் வாழ்வை மீட்டுப் பார்க்கும் இயல்பான செயல் என்று எழுதினார். பழைய புகைப்படங்களையும் பொருட்களையும் கையில் கொடுத்துப் பேசவைக்கும் நினைவுமீட்டல் சிகிச்சைக்கு அது அடிப்படையாயிற்று. ஆனால் எம்மவர்களிடம் புகைப்பட அல்பம் எங்கே இருக்கிறது? காணி உறுதியைக்கூட எடுக்க நேரமில்லாமல் ஓடியவர்கள் நாம். எம்மிடம் எஞ்சியிருப்பவை சுளகு, உலக்கை, தாக்கத்தி, களவெட்டிச் சொற்கள், கூத்துத் தரு, கண்ணகி குளிர்த்திப் பாட்டு. இவை போதும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். பேரப்பிள்ளையின் பெயர் தெரியாத ஒரு பெத்தா, சுளகைக் கையில் கொடுத்ததும் ஒரு குருணல் தவறாமல் புடைத்துத் தந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் செய்த தவறிலிருந்தே சொல்கிறோம். ஒரு தாயிடம் "உங்கட பழைய வீடு எப்படி?" என்று கேட்டோம். வீடு என்றதும் அவருக்கு நினைவு வந்தது வீடு எரிந்த நாள். மகன்மாரின் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார். அன்றிரவு முழுவதும் அவரும் குடும்பமும் உறங்கவில்லை. வெளிநாட்டுப் புத்தகத்திலுள்ள கேள்விகளை எமது மக்களிடம் அப்படியே கேட்கலாகாது. விதைப்பு, சமையல், கலியாணம், கூத்துப் பழக்கம் பற்றிக் கேளுங்கள். ஓடிவந்த கதையை நீங்களாகக் கிளறாதீர்கள். சீனவெடிச் சத்தத்துக்குப் பயந்தால் கையைப் பிடித்து வேறிடத்தில் இருத்தி, தேத்தண்ணி கொடுங்கள்.

கூட்டாகச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. 2003 இல் இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டரும் குழுவினரும் 201 முதியோரிடம் ஒரு முறையைச் சோதித்தனர். வாரம் இருமுறை, ஏழு வாரம், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் சிறு குழுவாக இருந்து பாட்டு, உணவு, விளையாட்டு, ஊர்ப் புதினம் என்று மனதுக்கு வேலை கொடுப்பது. பங்குபற்றியோரின் சிந்தனைத் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தார் இதைத் தமிழில் எமது பண்பாட்டுக்கேற்ப மாற்றிச் சிறிய அளவில் செய்து பார்த்து, நடைமுறைக்கு ஒத்துவரும் என்று 2017 இல் வெளியிட்டனர். கொழும்பில் லங்கா அல்சைமர் மன்றம் 2001 முதல் இயங்குகிறது. ஆனால் வெல்லாவெளியிலிருந்து வாரம் இருமுறை கொழும்புக்கு யார் போவார்?

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கவென 2000 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. கிராமங்களில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கொரு விழா, ஒரு சுற்றுலா. அவற்றுக்கும் நடந்து வரக்கூடியவர்களே வருகிறார்கள். பல்தேவைக் கட்டடத்தின் திறப்பு யாரிடமோ கிடக்கிறது. அங்கே வாரத்தில் இரு காலைகள் ஆறேழு பேரை இருத்த மத்தளம் அடிக்கத் தெரிந்த ஒருவரும், பொறுமையுள்ள இரண்டு பெண்களும், ஒரு பானைத் தேத்தண்ணியும் வேண்டும். பணம் பெரிதாக வேண்டாம்.

அந்த இரு காலைகளும் நோயாளிக்கு மட்டுமல்ல. எமது வழக்கப்படி தாய்வீடு பெரும்பாலும் கடைசி மகளுக்கு, அதோடு பெற்றோரும் அவளுக்கே. மற்ற அக்காமார் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருப்பார்கள். அண்ணன்மார் பெருநாளைக்கு வந்து, "அப்பா மெலிஞ்சிட்டாரே" என்று குறைசொல்லிப் போவார்கள். அண்ணன்மாரே, குறை சொல்லுமுன் ஒரு வாரம் தகப்பனை உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் மாதத்தில் இரண்டு இரவுகள் வந்து தங்குங்கள், உங்கள் தங்கை உறங்கட்டும்.

ஐயாவின் வீட்டில் இப்போது கயிறு இல்லை. மாலை நான்கு மணிக்கே பேரன் தும்பைக் கொண்டுவந்து வைக்கிறான். இருவருமாகக் கயிறு திரிக்கிறார்கள். "இந்தமுறை என்ன நெல்லு அப்பா?" என்று மகள் கேட்டால், "பச்சைப்பெருமாள்" என்று தொடங்கி வரம்பு கட்டிய கதைவரை போவார். சில நாட்களில் எதுவும் பலிப்பதில்லை. படலையைத் திறந்து நடந்துவிடுவார். அப்போது மகள் பின்னால் ஓடி மறிப்பதில்லை, கூடவே நடக்கிறார். மகள் காணாமல் அவர் போய்விட்டாலும் சந்திக் கடைக்காரர் விடமாட்டார். "பாதை வர இன்னும் நேரமிருக்கு ஐயா, குந்துங்க" என்று வாங்கில் இருத்திவிட்டு வீட்டுக்குத் தகவல் அனுப்புவார்.